கடைமடைக்கு வராத தண்ணீர் எங்கே போகிறது?

மேட்டூர் அணை திறந்த செய்தி தொலைக்காட்சியில் ஓடிய மறுநாள் காலையிலேயே குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பக்கத்து வேளாண் அலுவலகங்களில் ஒரே கேள்விதான். "சார், நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்?"

வழக்கமான ஜூன் 12-இல் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் போதும். அங்கிருந்து கொள்ளிடக் கடைசிக்கு வரத்தான் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்று இழுத்துவிடுகிறது. தூரம் அதிகம் என்பதால் அல்ல. நடுவில் இருக்கும் வயல்கள் எல்லாம் குடித்து முடித்த பிறகுதான் கடைசி ஆளுக்கு முறை வரும். "மேலே இருக்கிறவங்க எடுத்துக்கிட்டாங்க" என்று கடைமடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், எடுத்த தண்ணீரில் எவ்வளவு திரும்பி வரும், எவ்வளவு வராது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

வெளி மாவட்ட வாசகர்களுக்காக இந்தப் பகுதியின் அமைப்பைச் சொல்லிவிடலாம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அணைக்கரையில் கீழணை. அங்கிருந்து வடவாறு கிளம்பி வீராணம் ஏரியை நிரப்புகிறது. வடக்கு ராஜன் வாய்க்கால் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டங்களுக்கும், தெற்கு ராஜன் வாய்க்காலும் குமுக்கி மண்ணியாறும் சீர்காழிப் பக்கத்துக்கும் போகின்றன. கீழணையை நம்பிய ஆயக்கட்டு மொத்தம் சுமார் 1.3 லட்சம் ஏக்கர். அதில் வீராணத்துக்கு மட்டும் சுமார் 45 ஆயிரம் ஏக்கர். கீழணையைத் தாண்டிய கொள்ளிடம் பழையாறு அருகே கடலில் கலக்கிறது.

இந்த நிலத்தில் பெரும்பகுதிக்கு வருஷத்துக்கு ஒரே நெல், சம்பா. அறுவடைக்கு முன்பே தாளடியில் உளுந்து தெளித்துவிடுவார்கள். பில்டர் பாயிண்ட் போட்டவர்கள் குறுவையும் செய்கிறார்கள். அது வசதி உள்ளவர் கதை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரருக்கு வாய்க்கால்தான் கதி. அவருக்குத் தண்ணீர் ஒரு மாதம் தள்ளி வந்தால், ஒரு மாதம் தள்ளி நட வேண்டியதுதானே என்று மேட்டுப் பகுதிக்காரர் நினைக்கலாம். அப்படி நடந்துவிட்டால் பரவாயில்லை. ஆகஸ்டில் விதைத்து செப்டம்பரில் நட்ட பயிர், நவம்பர் மழை கொட்டும்போது தூர் கட்டி நிமிர்ந்து நிற்கும். அக்டோபர் கடைசியில் நட்ட பயிர் அப்போது ஒரு சாண் உயரம்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் வீராணம் உபரியும், வெள்ளாறும், பழைய கொள்ளிடமும், காட்டு ஓடைகளும் ஒன்றாகச் சேர்ந்து வயலுக்குள் வரும்போது அந்த ஒரு சாண் பயிர் மூழ்கி அழுகிவிடும். ஜூலையில் தண்ணீர் இல்லாத குறை நவம்பரில் வெள்ளச் சேதமாகக் கணக்கில் ஏறுகிறது. நிவாரணப் பட்டியலில் 'வெள்ளம்' என்றுதான் எழுதுவார்கள். வறட்சியும் அதற்குள்தான் இருக்கிறது.

இனி தண்ணீர் எங்கே போகிறது என்ற கணக்குக்கு வரலாம்.

வயலுக்குப் பாய்ச்சும் நீர் இரண்டு வழியில் போகும். ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கியும் வரப்பு தாண்டி வடிந்தும் போகிறது. அது கிணற்றுக்கோ, வடிகாலுக்கோ, சுற்றி வளைத்து ஆற்றுக்கோ போய்ச் சேரும். தஞ்சை வயல்களின் வடிநீர் கீழே உள்ளவருக்குப் பாசன நீராவது டெல்டாவில் புதிதில்லை. இன்னொரு பங்கு பயிரின் இலை வழியாகவும் மண் மேலிருந்தும் ஆவியாகப் போகிறது. அந்தப் பங்கு எந்த வடிகாலுக்கும் வராது. ஆற்றைப் பொறுத்தவரை அது போனது போனதுதான்.

வெயில் நாளில் நெல் வயலிலிருந்து 5 மில்லிமீட்டர் அளவுக்கு இப்படி ஆவியாகும். 5 மில்லிமீட்டர் என்றால் சிறிதாகத் தோன்றும். ஒரு ஏக்கருக்குப் பெருக்கினால் நாளொன்றுக்கு 20 ஆயிரம் லிட்டர். ஒரு லட்சம் ஏக்கருக்கு 200 கோடி லிட்டர். மதகுக் கணக்கில் சொன்னால், மழை இல்லாத நாளில் இரவு பகலாக ஓடும் சுமார் 800 கன அடி. ஆற்றின் மேல்பகுதியில் எங்கோ ஒரு லட்சம் ஏக்கர் புதிதாகப் பாசனத்துக்கு வந்தால், அங்கே யாரும் ஒரு சொட்டையும் வீணாக்காமல் இருந்தாலும், கீழே 800 கன அடி குறையும். இதில் திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை. பயிர் வளர்ந்தது, அவ்வளவுதான்.

கொள்ளிடக் கடைசிக்கு இந்த அனுபவம் கர்நாடகத்தோடு தொடங்கியதும் அல்ல. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். அதுவரை பள்ளமான கொள்ளிடம் பெரும்பகுதி நீரை இழுத்துக்கொண்டு போக, மேடேறிய காவிரியில் தஞ்சை வயல்கள் காய்ந்துகொண்டிருந்தன. மேலணை வந்ததும் காவிரிக்கு நீர் திரும்பியது, தஞ்சை செழித்தது. அப்படித் திருப்பினால் கொள்ளிடத்தை நம்பிய தென்னாற்காட்டு நிலமும் சீர்காழி நிலமும் என்ன ஆகும்? அதற்குப் பதிலாகத்தான் அதே காலத்தில் கீழணையும் எழுந்தது. மேலே ஒரு பாசனத்தைப் பலப்படுத்தினால் கீழே ஒருவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்பது அன்றைய பொறியாளருக்கே தெரிந்திருந்தது. பின்னால் வந்த திட்டங்களில் இந்த இரண்டாவது பாதி பல நேரம் விட்டுப்போனது.

1924 ஒப்பந்தத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதில் அணைகளைவிட முக்கியமாக இருந்தது ஏக்கர் கணக்கு. கிருஷ்ணராஜ சாகர் அணையால் மைசூர் புதிதாகப் பாசனம் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டது 1.25 லட்சம் ஏக்கர். மேட்டூர் அணையால் சென்னை மாகாணம் புதிதாகச் சேர்க்கலாம் என்று ஒப்புக்கொண்டது 3.01 லட்சம் ஏக்கர். அந்த 1.25 லட்சம் ஏறக்குறைய இன்றைய கீழணை ஆயக்கட்டின் அளவு. பிறகு மண்டியாவில் வாய்க்கால் வந்தது, 1933-இல் சர்க்கரை ஆலை வந்தது. கேழ்வரகு விளைந்த மண்ணில் வருஷம் முழுக்கத் தண்ணீர் கேட்கும் கரும்பு வந்தது. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் வந்தன. 1991 ஜூன் மாதம் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டபோது 205 டி.எம்.சி. தண்ணீரோடு நிறுத்தவில்லை. கர்நாடகம் தன் காவிரிப் பாசனப் பரப்பை 11.2 லட்சம் ஏக்கருக்கு மேல் கூட்டக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. தண்ணீரை மட்டும் அளந்தால் போதாது, நிலத்தையும் அளக்க வேண்டும் என்பது அதில் இருந்த சரியான விவசாய அறிவு.

2007 இறுதித் தீர்ப்பில் கர்நாடகத்துக்கு 270 டி.எம்.சி., தமிழ்நாட்டுக்கு 419. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்தது; எல்லையில் கர்நாடகம் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. ஆனது. நல்ல மழை ஆண்டில் இந்த எண்களுக்கு வேலையே இல்லை. மழை குறைந்த ஆண்டில் கையில் எண் இருந்தும் தண்ணீர் இருக்காது. 2023-இல் ஜூன் 12-இல் திறந்த மேட்டூர் அக்டோபர் 10-இல் மூடப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவே முடியவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டுப் பழியைக் கர்நாடகத்தின் மேல் மட்டும் போட்டு முடித்தால் கடைமடைக்காரர் கைதட்டுவார். ஆனால் அது பாதிக் கணக்கு. மேட்டூருக்குக் கீழேயும் பரப்பு விரிந்திருக்கிறது. 1934-இல் கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனது. 1955-இல் மேட்டூர் வலது, இடது கரைக் கால்வாய்களால் 45 ஆயிரம் ஏக்கர். அதே காலத்தில் கீழ்பவானித் திட்டத்தால் 2.07 லட்சம் ஏக்கர். பிறகு அமராவதி, புள்ளம்பாடி, புதிய கட்டளை மேட்டு வாய்க்கால். இவற்றில் ஒன்றைக்கூடத் தவறு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்த மண்ணில் பிள்ளைகள் படித்தார்கள், வீடு எழும்பியது. ஆனாலும் ஒவ்வொரு ஏக்கரும் நாளுக்கு 20 ஆயிரம் லிட்டரை வானத்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ரசீது கடைசியில் வருகிற இடம் கொள்ளிடத்துக் கடைசி.

ஊருக்குள்ளும் இதே கதைதான் சின்ன அளவில் நடக்கிறது. வடக்கு ராஜன் வாய்க்காலின் தலைமடையில் பெண் கொடுத்த வீடு, கடைமடையில் பெண் எடுத்த வீடு என்று உறவு இல்லாத குடும்பமே இங்கே கிடையாது. கல்யாணப் பந்தியில் பேச்சு இப்படிப் போகும்:

"மாமா, உங்க மதகை ரெண்டு நாள் எறக்கி வச்சீங்கன்னா எங்க நாத்தங்கால் தப்பிச்சிடும்."

"நான் எறக்கினா அடுத்த மதகுக்காரன் ஏத்திக்குவான் மாப்ளே. உனக்கு எங்கேருந்து வரும்?"

மாமா சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. மிச்சம் பிடித்த தண்ணீருக்கு முகவரி இல்லையென்றால் அது வழியிலேயே காணாமல் போகும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் இது பொருந்தும். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருகிறது. விளைச்சல் கூடும், ஆள் செலவு குறையும், சந்தேகமே இல்லை. ஆற்றுக்கு லாபமா என்பது வேறு கேள்வி. ஆற்றோரம் 2 ஏக்கர் கரும்புக்குச் சொட்டுநீர் போட்டு, மிஞ்சிய நீரில் தரிசாகக் கிடந்த இன்னும் 2 ஏக்கரை வாழையாக்கினால் என்ன ஆகும்? முன்பு வீண் என்று நினைத்த கசிவுநீர் திரும்ப ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இலை வழியே ஆவியாகிறது. மோட்டார் ஓடும் நேரம் அதேதான். ஆற்றுக்குத் திரும்புவது மட்டும் குறைந்துவிட்டது. பரப்பைக் கூட்டாமல் மோட்டாரைச் சீக்கிரம் நிறுத்தினால்தான் கீழே உள்ளவருக்குப் பலன். நெல்லில் 'நீர் மறைய நீர் கட்டும்' முறையும் அப்படித்தான். தலைமடையில் அதைச் செய்து, மிஞ்சுவதை அந்த வாய்க்காலிலேயே விட்டு, கடைமடை வரை நாள் குறித்துக் கொண்டுபோனால்தான் உபயோகம்.

கீழணைக்குக் கீழே விவசாயி மட்டும் இல்லை. வீராணத்திலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாய் வழியே நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை போகிறது. 9 ஆயிரம் ஏக்கர் நெல் ஒரு நாளில் ஆவியாக்கும் அளவு அது. குடிநீருக்கு முன்னுரிமை என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் ஏரி குறைந்திருக்கும் ஆண்டில் குழாய் முதலிலும் மதகு பிறகும் என்று ஆகும்போது, அந்த 45 ஆயிரம் ஏக்கர்க்காரருக்கு யார் ஈடு செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வல்லம்படுகைக்குக் கீழே ஆற்றோர ஊர்களில் பிரச்சினை இன்னும் ஆழமானது. ஆற்றில் மேலிருந்து நல்ல தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும்வரைதான் கடல் தன் இடத்தில் நிற்கும். தள்ள ஆள் இல்லையென்றால் ஓதம் ஏறி உப்புநீர் உள்ளே வரும். மணல் அள்ளி ஆற்றின் மட்டம் தாழ்ந்த இடங்களில் அது இன்னும் சுலபமாக வரும். பழி முழுவதையும் மேலே உள்ள வயல்கள் மேல் போட முடியாது. எப்படியானாலும் முதலில் கெடுவது கரையோரப் பில்டர் பாயிண்ட், அடுத்து குடிநீர்க் கிணறு, கடைசியில் மண். உவரைத் தடுக்கத்தான் ஆதனூர் – குமாரமங்கலம் இடையே கொள்ளிடத்தில் கதவணை கட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் கதவணை தண்ணீரை உண்டாக்காது. வருகிற தண்ணீரைத்தான் நிறுத்தும். அதற்கும் கீழே உள்ள ஊர்களுக்கு, கதவைத் திறக்கிற நாள்தான் நல்ல நாள்.

கொள்ளிட முகத்துவாரத்துக்கும் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் நடுவில் பிச்சாவரம். அங்குள்ள சுரபுன்னைக்கும் வெண்கண்டலுக்கும் உப்பு பழக்கம்தான். ஆனாலும் வருஷத்தில் சில மாதம் நல்ல தண்ணீர் கலந்தால்தான் விதை முளைத்து வளரும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்தக் கலப்பு நீரில். கொடியம்பாளையத்திலும் பழையாற்றிலும் வலை போடுகிறவரும் காவிரிப் பாசனதாரர்தான். எந்த ஆயக்கட்டுப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது. 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்ற வார்த்தையை விவசாயப் பத்திரிகைகளே கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் 2 லட்சம் கன அடி அளவுக்குப் போனதைச் சேமிக்க வழியில்லையே என்று வருந்துவது நியாயம். ஆனால் மே மாதம் ஒரு சொட்டும் கடலுக்குப் போகாததும் நஷ்டம்தான். 2007 தீர்ப்பின் 740 டி.எம்.சி. கணக்கில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4 என்று தனியாக ஒதுக்கியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சீனாவின் மஞ்சள் ஆறு இந்த வழியில் வெகுதூரம் போய்த் திரும்பியது. மேலே பாசனம் விரிந்துகொண்டே போக, 1997-இல் அந்தப் பெரிய ஆறு 226 நாள் கடலைத் தொடவில்லை. கடைசி 700 கிலோமீட்டர் அளவுக்கு மணல்தான். மழை குறைவும் ஒரு காரணம். 1999-இல் முழு ஆற்றின் அணைகளையும் ஒரே கையில் வைத்து, எந்த மாகாணம் எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்று கறாராக்கிய பிறகு ஆறு மறுபடி கடலைத் தொட்டது. அங்கே புது ஆறு எதையும் வெட்டிவிடவில்லை. மேலே எடுப்பதற்கு ஒரு எல்லை போட்டார்கள். எல்லை போடாத இடம் ஆரல் கடல். ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்திக் காட்டுக்குத் திருப்பியதில், ஒரு காலத்தில் மீன் இறங்கிய துறைமுகத்தில் இன்று கப்பல்கள் மணலில் நிற்கின்றன.

காவிரியில் மாநிலத்துக்கு மாநிலம் எண் இருக்கிறது. கீழணைக்கு எந்தத் தேதியில் எவ்வளவு என்று ஓர் எண், பருவம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு ஊராட்சிப் பலகையிலும் எழுதப்பட வேண்டும். அதைக் கேட்க இடம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டப்படி உள்ள நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் தலைமடைக்காரர் வாய் ஓங்கியும் கடைமடைக்காரர் வராமலும் இருப்பதுதான் வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை பந்தியில் கேட்பதை அங்கே வந்து கேட்டால் தீர்மானமாக எழுதலாம்.

அதுவரை நிலத்தில் செய்யக்கூடியது சில உண்டு. வாய்க்காலை எதிர்பார்த்து நாற்றங்காலோடு காத்திராமல், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்க மழை ஈரத்தில் நேரடி விதைப்பு செய்தால் நவம்பருக்குள் பயிர் நிமிர்ந்துவிடும். பள்ள வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 நல்லது. முழுகினால் இரண்டு வாரம் வரை தாங்கும்.

உப்பு ஏறிய ஊர்களில் ஒரு குழப்பம் தொடர்ந்து இருக்கிறது. வெள்ளையாகப் பூத்த மண்ணைப் பார்த்ததும் ஜிப்சம் வாங்கிக் கொட்டுகிறார்கள். ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து. கடல்நீர் ஏறியதால் வந்தது உவர். அதற்கு நல்ல தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து, வடித்து விடுவதுதான் வைத்தியம். அந்த நல்ல தண்ணீரும் ஆற்றிலிருந்தோ மழையிலிருந்தோதான் வர வேண்டும். ஆகவே அக்டோபர், நவம்பர் மழைநீரை வரப்பு உயர்த்தித் தேக்கி, ஒருமுறையாவது வடித்துவிடுங்கள். வடிகால் தூர்ந்திருந்தால் உப்பு வயலுக்குள்ளேயே சுற்றும்.

மே மாதத்தில் கிணற்று நீரை ஒரு சுத்தமான பாட்டிலில், பத்து நிமிடம் மோட்டார் ஓடிய பிறகு பிடித்து, கடலூர் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கொடுத்தாலும் போய்ச் சேரும். மின்கடத்து திறன் 2-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நாற்றங்காலுக்கு விட வேண்டாம். ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பிடித்த தேதி நான்கையும் பாட்டிலில் எழுதி ஒட்டி, அடுத்த மே மாதமும் அதே கிணற்றில் பிடித்து அனுப்புங்கள்.